அட்லாண்டிக் சிட்டி: சூதாடாத குடும்பத்துக்கு அங்கே என்ன இருக்கிறது?

பால்கனிச்செடி (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள். நயாகரா, வாஷிங்டன் எல்லாம் போன தடவையே காட்டியாயிற்று. இந்தத் தடவை அம்மாவுக்குக் கடல் பார்க்க வேண்டும். மகனுக்கு 10 வயது, தெருக்களை வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபலி அட்டை விளையாட்டில் பைத்தியம். அந்த அட்டையில் இருக்கும் தெருக்கள் எல்லாம் நியூஜெர்சியில் நிஜமாகவே இருக்கின்றன என்று பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். "போர்ட்வாக்கில் போய் நின்றால் வாடகை கேட்பார்களா?" என்று தினமும் நச்சரிக்கிறான். ஆக, அட்லாண்டிக் சிட்டி.

சிக்கல் அப்பாதான். கல்யாண வீட்டில் யாராவது சீட்டுக்கட்டைப் பிரித்தாலே எழுந்து வெளியே போகிறவர். அலுவலகத்தில் கேட்டால் எல்லோரும் "அங்கே காசினோவை விட்டால் ஒன்றுமில்லை" என்கிறார்கள். காசினோவுக்குள் கால் வைக்காமல் ஒருநாள் முழுக்க அங்கே ஓட்ட முடியுமா? அம்மாவுக்கு மூட்டு வலி வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

---

ஆனைக்கட்டி | வெள்ளி, இரவு 10:05

போகாதீர்கள். அவ்வளவுதான் என் பதில்.

கடல்தான் வேண்டுமென்றால் கேப் மே இருக்கிறது, அழகான பழைய வீடுகள், சுத்தமான தெருக்கள். அட்லாண்டிக் சிட்டியில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே வந்தால் பூட்டிய கடைகள், நகை அடகுக்கடைகள், புல் முளைத்த காலி மனைகள். மூன்று வருடம் முன்பு போனோம். என் மனைவி காரைவிட்டு இறங்கவே யோசித்தாள். அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போய் "இதுதான் அமெரிக்கா" என்று காட்டப்போகிறீர்களா?

---

தண்டவாளம் | வெள்ளி, இரவு 11:30

ஆனைக்கட்டி சொன்ன காலி மனைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் "ஒன்றுமில்லை" என்பதை ஒப்ப மாட்டேன். இந்த ஊரின் கதை தெரிந்து போனால் அந்தக் காலி மனையில்கூடப் பார்க்க ஏதாவது இருக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது தானாக வளர்ந்த ஊர் அல்ல. ரயிலுக்காக உண்டாக்கிய ஊர். 1850-க்கு முன் அந்த அப்சீகான் தீவில் மணல்மேடும் சதுப்பும் கொசுவும்தான். ஜொனாதன் பிட்னி என்று ஒரு மருத்துவர், கடல் காற்று பட்டால் நோய் தீரும், இங்கே ஓர் ஆரோக்கிய நகரம் கட்டலாம் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். வெறும் காற்றை நம்பி யார் பணம் போடுவார்கள்? கடைசியில் காது கொடுத்தவர்கள் ரயில் போட நினைத்தவர்கள். பிலடெல்பியாவுக்கு எதிர்க்கரையில் உள்ள கேம்டனிலிருந்து நேர்கோடாக, ஏறத்தாழ 60 மைல் பாதை. 1854 ஜூலையில் முதல் ரயில் வந்தது. நகராட்சி உருவானதும் அதே வருடம்தான். அதாவது தண்டவாளமும் ஊரும் ஒரே வயது.

ரயில் பாதையின் பொறியாளர் ரிச்சர்ட் ஆஸ்போர்ன்தான் தெருக்களுக்கும் பெயர் வைத்தார். கடலுக்கு இணையாக ஓடும் தெருக்களுக்குக் கடல்களின் பெயர்: பசிபிக், அட்லாண்டிக், பால்டிக், மெடிட்டரேனியன். குறுக்கே ஓடுபவற்றுக்கு மாநிலங்களின் பெயர்: கென்டக்கி, இல்லினாய், வர்ஜீனியா. நாட்டின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் "நம்ம ஊர்த் தெரு" என்று ஒன்று இருக்க வேண்டும் என்ற வியாபார மூளை. தம்பி மோனோபலியில் வாங்கி விற்பது அந்த மனுஷன் வைத்த பெயர்களைத்தான்.

இனி போர்ட்வாக். விடுதிக்காரர்களுக்கும் ரயில்காரர்களுக்கும் ஒரே தலைவலி மணல். கடலில் குளித்தவர்கள் காலோடு மணலைக் கொண்டுவந்து கம்பளத்திலும் ரயில் இருக்கையிலும் கொட்டிவிடுவார்கள். அலெக்சாண்டர் போர்ட்மன் என்ற ரயில் நடத்துநரும் ஜேக்கப் கைம் என்ற விடுதி முதலாளியும் சேர்ந்து, மணலின்மேல் பலகை போட்டு நடைபாதை அமைக்கலாம் என்று நகராட்சியிடம் மனு கொடுத்தார்கள். 1870 ஜூனில் அது வந்தது. குளிர்காலத்தில் பலகைகளைக் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு, மறுபடி கோடையில் போடுவார்கள். போர்ட்மன் போட்டதால்தான் போர்ட்வாக் என்று அங்கே சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பலகைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர், மனுஷன் பெயரும் பொருந்திப்போனது தற்செயல்.

கால் மணலைத் தட்ட வந்த பலகைதான் பின்னால் ஊரையே தூக்கி நிறுத்தியது. பலகை வந்ததும் அதன் ஓரமாகக் கடை, கடையை அடுத்து கடலுக்குள் நீளும் பொழுதுபோக்குத் துறைகள். 1898-இல் திறந்த ஸ்டீல் பியரில் குதிரையோடு ஒரு பெண் உயரமான மேடையிலிருந்து நீர்த்தொட்டிக்குள் பாய்வதுதான் பெரிய வேடிக்கை. சொனோரா வெப்ஸ்டர் கார்வர் என்ற பெண்ணுக்கு 1931-இல் அப்படிப் பாய்ந்தபோது கண் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் குதிரைமேல் ஏறிப் பாய்ந்தார். அந்தக் குதிரையை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும், அது வேறு விஷயம்.

நம் ஊர்த் திருவிழா ராட்டினம் போன்ற பெரிய சக்கரம் ஒன்றை வில்லியம் சோமர்ஸ் என்பவர் 1892-இல் இங்கே மரத்தில் செய்து ஓட்டினார். அடுத்த வருடம் சிகாகோ கண்காட்சியில் பிரம்மாண்டமாகக் கட்டிய ஃபெர்ரிஸ் பெயர்தான் உலகத்தில் நின்றது. சோமர்ஸ் வழக்குப் போட்டும் பார்த்தார்.

மணி ஆகிவிட்டது. மீதியை நாளை எழுதுகிறேன்.

---

ஆனைக்கட்டி | சனி, காலை 8:15

தண்டவாளம் சார், எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய கதை. அவர் அம்மாவைக் கூட்டிப்போவது 1898-க்கு அல்ல, இந்த ஆகஸ்டுக்கு. நல்லா இருந்த ஊரைக் காசினோ வந்து கெடுத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

---

பழைய டீலர் | சனி, மதியம் 1:20

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். "நல்லா இருந்த ஊரைக் காசினோ கெடுத்தது" என்று எழுதியதால் வர வேண்டியதாயிற்று.

தம்பி, நான் அந்த ஊரில் 20 வருடம் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போட்டவன். 1991-இல் சேர்ந்தேன். எங்கே என்று சொல்ல மாட்டேன். காசினோ வருவதற்கு முன்பே ஊர் செத்துக்கிடந்தது. இதை எனக்குச் சொன்னவர்கள் அங்கேயே பிறந்து வளர்ந்த டீலர்கள். 1930 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 66,198. அதுதான் உச்சம், அதற்குப் பிறகு இறக்கம்தான். பிலடெல்பியாக்காரனுக்குக் கார் வந்தது, அப்புறம் விமானம் வந்தது, மயாமிக்குப் போய்விட்டான். வீட்டுக்கு ஏசி வந்தது, கடல் காற்றுக்காக ரயிலேற வேண்டிய தேவையும் போயிற்று. பெரிய பெரிய விடுதிகள் காலியாகி, வயதானவர்களை மலிவான மாத வாடகைக்கு வைத்துக்கொண்டன. டிரேமோர் என்று அரண்மனை மாதிரி ஒரு விடுதி, 1972-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போது காசினோ எங்கே இருந்தது?

சூதாட்டத்தை அனுமதிக்கலாமா என்று 1974-இல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. தோற்றது. 1976-இல் "அட்லாண்டிக் சிட்டியில் மட்டும், வரும் வரி முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்" என்று மாற்றிக் கேட்டார்கள். ஜெயித்தது. 1978 மே 26 அன்று ரிசார்ட்ஸ் திறந்தது. நெவாடாவுக்கு வெளியே அமெரிக்காவில் சட்டப்படி நடந்த முதல் காசினோ அதுதான். பலகை நடைபாதையில் வரிசை எங்கேயோ போனதாம். புதுக் கட்டடம்கூட இல்லை, பழைய ஹாடன் ஹால் விடுதியைத்தான் மாற்றியிருந்தார்கள்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று: 1992 வரை காசினோக்கள் 24 மணி நேரமும் கிடையாது. வாரநாளில் விடியற்காலை 4 மணிக்கு மூட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் அந்த நேரத்தில் வேலை முடிந்து பலகையில் நடந்து வருவேன். ஒருத்தர் இருக்க மாட்டார்கள். அலை சத்தம் மட்டும்தான். உள்ளே எட்டு மணி நேரம் கடல் இருப்பதே தெரியாது. ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. வந்தவன் வெளியே பார்க்கக்கூடாது என்பதற்காகவே கட்டியது. கடலுக்குப் பத்தடியில் ஒரு கட்டடத்தைக் கட்டி, கடல் தெரியாமல் அடைத்து வைத்திருக்கிறார்களே என்று முதல் வாரம் ஆச்சரியப்பட்டேன். அப்புறம் பழகிவிட்டது.

பேருந்துகள்தான் அன்றைக்கு ஊரின் உயிர். நியூயார்க், பிலடெல்பியா, உங்கள் எடிசன் பக்கமிருந்தும் வரும். டிக்கெட் எடுத்தால் காசினோவில் கால் டாலர் நாணயச் சுருள் கையில் கொடுப்பார்கள். கணக்குப் பார்த்தால் பயணம் கிட்டத்தட்ட இலவசம். கெட்டிக்காரப் பாட்டிகள் சுருளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மாலை வண்டியில் திரும்பிவிடுவார்கள். உண்மையில் காசினோவை ஜெயித்தவர்கள் அவர்கள்தான்.

டீலர் மேசையை விட்டு எழும்போது கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்ட வேண்டும். எதையும் எடுத்துப் போகவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டுவது. வீட்டில் சாப்பிட்டு எழும்போதும் தட்டிவிடுவேன். என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள்.

---

பால்கனிச்செடி | சனி, மாலை 4:00

டீலர் அண்ணா, அந்தப் பாட்டிகள் கதையை அம்மாவிடம் போனில் சொன்னேன். "நானும் பெஞ்சில உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுறேன்"னு சொல்லிட்டாங்க. ஆக அம்மாவின் பிரச்சினை தீர்ந்தது.

மகன் கேட்ட கேள்வி: மோனோபலியில் இருக்கும் எல்லாத் தெருவும் இன்னும் இருக்கிறதா?

---

நீலத்துணி | சனி, இரவு 7:45

எல்லாம் இல்லை. செயின்ட் சார்ல்ஸ் பிளேஸ் ஒரு காசினோ கட்டும்போது காணாமல் போயிற்று. இல்லினாய் அவென்யூ இப்போது மார்ட்டின் லூதர் கிங் பெயரில் இருக்கிறது. மஞ்சள் நிற "மார்வின் கார்டன்ஸ்" அட்லாண்டிக் சிட்டியிலேயே இல்லை, தெற்கே மார்கேட், வென்ட்னர் எல்லையில் இருக்கிறது. அதன் சரியான பெயரும் "மார்வென்". எழுத்துப்பிழையோடு அச்சாகி அப்படியே உலகம் சுற்றியது. 1995-இல்தான் கம்பெனி அந்த ஊர்க்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

அந்த விளையாட்டின் பிறப்பும் வேடிக்கையானது. எலிசபெத் மேகி என்ற பெண் 1904-இல் காப்புரிமை வாங்கிய விளையாட்டு அது. நிலத்தை வளைத்துப்போட்டு வாடகை பிடுங்குகிறவர்களால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாகிறார்கள் என்று காட்டத்தான் செய்தார். கைக்குக் கை மாறி, அட்லாண்டிக் சிட்டியில் இருந்த குவேக்கர் சமயத்தவர்கள் தங்கள் ஊர்த் தெருப் பெயர்களைப் போட்டு ஆடினார்கள். சார்ல்ஸ் டாரோ அதைக் கற்றுக்கொண்டு, தன் கண்டுபிடிப்பு என்று 1935-இல் பார்க்கர் பிரதர்ஸிடம் விற்றார். வாடகை கொள்ளை என்று சொல்ல வந்த விளையாட்டை நாம் வாடகை வாங்கச் சந்தோஷமாக ஆடுகிறோம். பம்பாய், மெட்ராஸ் என்று போட்டு நம் வீடுகளில் ஆடிய "பிசினஸ்", "டிரேட்" அட்டையெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்தான்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அட்டையில் மெடிட்டரேனியன், பால்டிக் இரண்டுக்கும் விலை 60 டாலர், போர்ட்வாக் 400. ஏன் அவ்வளவு மலிவு? அந்தத் தெருக்கள் ஓடிய பகுதியில் கறுப்பின மக்கள் இருந்தார்கள். விடுதிகளில் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், பெட்டி தூக்கியவர்கள் பெரும்பாலும் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த அவர்கள்தான். நார்த்சைடு என்று அந்தப் பகுதிக்குப் பெயர். கடலிலும் அவர்களுக்குத் தனி இடம்: மிசூரி அவென்யூ முனையில், பிறகு சிக்கன் போன் பீச் என்று பெயர் பெற்ற மணல். ஆனால் இரவில் கதை மாறும். கென்டக்கி அவென்யூவில் 1935-இல் தொடங்கிய கிளப் ஹார்லெமுக்கு வெள்ளைக்காரர்களும் வந்து வரிசையில் நிற்பார்கள். விடியற்காலை 6 மணிக்கு ஒரு காட்சி உண்டு. மற்ற கிளப்புகளில் பாடி முடித்தவர்களே அதைப் பார்க்க வருவார்களாம். அந்தக் கட்டடம் 1992-இல் இடிக்கப்பட்டது. ஆனைக்கட்டி பார்த்த காலி மனைகளில் சில அந்தப் பக்கத்துத் தெருக்களாக இருக்கலாம்.

---

கொசுறு | சனி, இரவு 8:10

மிஸ் அமெரிக்கா இங்கேதானே? பெண்கள் உள்ளாடையை எரித்துப் போராடியதும் இங்கேதானே? அதையும் சொல்லுங்கள் 😄

---

நீலத்துணி | சனி, இரவு 8:50

இங்கேதான் நடந்தது, ஆனால் எரிக்கவில்லை. 1968 செப்டம்பரில் அந்த அழகிப் போட்டியை எதிர்த்த பெண்கள் அரங்குக்கு வெளியே பலகைமேல் ஒரு குப்பைத்தொட்டியை வைத்து, குதிகால் செருப்பு, துடைப்பம், பெண்கள் பத்திரிகை, உள்ளாடை எல்லாவற்றையும் அதில் எறிந்தார்கள். மர நடைபாதையில் நெருப்பு வைக்க விடுவார்களா? பத்திரிகைகள்தான் எரித்தன.

அந்தப் போட்டியே ஒரு வியாபாரத் தந்திரம். செப்டம்பர் முதல் வாரத் தொழிலாளர் தினத்தோடு கோடை முடியும், விடுதி காலியாகும். இன்னும் ஒரு வாரம் ஆட்களைப் பிடித்து வைக்க 1921-இல் ஒரு விழா வைத்தார்கள். அதில் வந்ததுதான் அழகிப் போட்டி. 2013-இல் அதே அரங்கில் நினா தவுலூரி மகுடம் சூடினார், இந்திய வம்சாவளியில் முதல் மிஸ் அமெரிக்கா. ஆந்திரத்துப் பெற்றோரின் மகள். இணையத்தில் அன்றிரவு அவரைத் திட்டித் தீர்த்ததையும் மறந்துவிட முடியாது.

அந்த அரங்கை அவசியம் பாருங்கள், பால்கனிச்செடி. 1929-இல் திறந்த போர்ட்வாக் ஹால். உள்ளே இருக்கும் காற்றிசைக்கருவி ஆர்கனில் 33,000-க்கு மேல் குழல்கள், உலகிலேயே பெரியது. 1964-இல் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்ததும் அங்கேதான். மிசிசிப்பியிலிருந்து வந்த கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமர், வாக்குரிமைக்காகப் போராடியதற்காகத் தான் பட்ட அடியையும் சிறையையும் அந்த ஊரில் வைத்துத்தான் மாநாட்டுக் குழுவிடம் சொன்னார். தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது. அதைத் திசைதிருப்ப அதிபர் ஜான்சன் திடீரென்று செய்தியாளர்களைக் கூப்பிட்டார். சேனல்கள் இரவில் அவர் பேச்சைத் திரும்பப் போட, இன்னும் கூடுதலான பேர் பார்த்தார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. மாநாட்டுக்கு வந்த செய்தியாளர்கள் ஊரின் ஒழுகும் விடுதிகளைப் பற்றியும் எழுதினார்கள். டீலர் அண்ணா சொன்ன "செத்துக்கிடந்த ஊர்" நாடு முழுக்கத் தெரிந்தது அப்போதுதான்.

---

ஆனைக்கட்டி | ஞாயிறு, காலை 9:30

சரி, காசினோ வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வந்த பிறகு கொட்டிய பணம் எங்கே போயிற்று? ஊர் இப்போதும் அப்படியேதானே இருக்கிறது? டீலர் அண்ணா இதற்குப் பதில் சொல்லட்டும்.

---

பழைய டீலர் | ஞாயிறு, காலை 11:15

நியாயமான கேள்வி. பேருந்து காசினோ வாசலில் இறக்கும், காசினோ வாசலிலேயே ஏற்றும். கார் காசினோவின் கார் நிறுத்துமிடத்துக்குள் போகும், அங்கிருந்து படிக்கட்டு நேராக மேசைக்கு. சாப்பாடும் உள்ளே, பாட்டுக் கச்சேரியும் உள்ளே. தெருவில் உணவகம் வைத்திருந்தவன் யாரிடம் விற்பான்? அடகுக்கடைதான் வளர்ந்தது. அதற்கு மட்டும் உள்ளிருந்தே வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சம்பளத்தில்தான் வீடு வந்தது, இரண்டு பிள்ளைகள் படித்தார்கள். வங்கதேசத்தவர்கள், வியட்நாமியர்கள், குஜராத்திகள் என்று எத்தனையோ குடும்பங்கள் டீலராக, அறை துப்புரவாளராக வேலை பார்த்தே நிமிர்ந்தன. இன்று அந்த ஊரில் தெருக்கடை, மசூதி, மளிகை என்று உயிர் தெரிவது இவர்களால்தான்.

2006-இல் 12 காசினோ, 520 கோடி டாலர் வருமானம். அதே வருடம் கடைசியில் பென்சில்வேனியாவில் காசினோ திறந்தது. பிலடெல்பியாக்காரன் எதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டுவான்? மயாமி விமானம் கதைதான் மறுபடியும். 2014-இல் ஒரே வருடத்தில் நான்கு மூடின. அதில் ரெவெல் 240 கோடி டாலரில் கட்டி, திறந்து இரண்டே வருடமானது. அடுத்த வருடம் 8.2 கோடிக்கு விற்றது! சூதாடியவர்கள் மேசையில் மட்டும் இருக்கவில்லை.

அப்பாவுக்குப் பிடிக்கும் கதை ஒன்று. ஒரு மூதாட்டியின் மூன்று மாடி வீடு, காசினோவுக்கு ஒட்டினாற்போல. 70-களின் கடைசியில் ஒரு முதலாளி கேட்டார். தர மாட்டேன் என்றார். வீட்டைச் சுற்றியும் மேலேயும் இரும்புச் சட்டம் எழுப்பினார்கள், பிறகு அந்த முதலாளிக்கே பணம் தீர்ந்துபோனது. 90-களில் டிரம்ப் கேட்டார், சொகுசுக் கார்கள் நிறுத்த இடம் வேண்டும் என்று. அரசு அமைப்பு ஒன்று நிலத்தைக் கையகப்படுத்தவும் பார்த்தது. 1998-இல் நீதிமன்றம் மூதாட்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பக்கத்தில் இருந்த டிரம்ப் பிளாசா 2014-இல் மூடி, 2021 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கையில் காபியோடு நானும் போய்ப் பார்த்தேன். சில நொடிதான், தூசி அடங்கத்தான் நேரமாயிற்று.

---

தண்டவாளம் | ஞாயிறு, இரவு 9:00

நான் எழுத நினைத்த பாதியை நீலத்துணியும் டீலரும் எழுதிவிட்டார்கள். நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

கடற்கரை இலவசம். இது சின்ன விஷயமல்ல. ஜெர்சிக் கரையில் பெரும்பாலான ஊர்களில் கோடையில் மணலில் கால் வைக்க அடையாளச் சீட்டு வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் பலகைமேல் ஓடும் தள்ளு நாற்காலி இருக்கிறது. பிரம்பில் பின்னி, மேலே கூரை போட்டிருக்கும், இரண்டு பேர் உட்காரலாம். 1880-களில் நோயாளிகளுக்காக வந்தது, பிறகு சொகுசானது. ஊருக்குள் சுற்ற ஜிட்னி என்ற சின்னப் பேருந்து, 1915-லிருந்து ஓடுகிறது. அதன் ஓட்டுநர்களே அதன் முதலாளிகள்.

வடக்கு முனையில் அப்சீகான் கலங்கரை விளக்கம். 1857-இல் ஏற்றியது, 171 அடி உயரம், 228 படி. கட்டும்போது பொறுப்பில் இருந்த ஜார்ஜ் மீட்தான் பின்னால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டையை வென்ற தளபதி. மகனும் நீங்களும் ஏறுங்கள், அம்மா கீழே இருக்கட்டும்.

தெற்கே மார்கேட்டில் லூசி என்ற யானை. 1881-இல் மனை விற்கிற ஒருவர் கூட்டம் சேர்க்க மரத்தாலும் தகரத்தாலும் கட்டிய ஆறு மாடி யானை. கால் வழியாகப் படியேறி வயிற்றுக்குள் போய், முதுகில் உள்ள அம்பாரியில் நின்று கடல் பார்க்கலாம். வாங்க வந்தவர்களிடம் மனையைக் காட்டியதும் அந்த அம்பாரியிலிருந்துதான். மார்வென் கார்டன்ஸும் அங்கிருந்து பக்கம்.

---

பால்கனிச்செடி | ஞாயிறு, இரவு 9:50

யானையா! அப்பாவுக்கு இதைச் சொன்னால் போதும், காசினோவை மறந்துவிடுவார்.

தள்ளு நாற்காலி மட்டும் மனதை உறுத்துகிறது. பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், தள்ளுகிறவர்கள் எல்லாம் கறுப்பினத்தவர்கள். நம் ஊர்க் கைரிக்‌ஷா ஞாபகம் வந்தது.

---

பழைய டீலர் | ஞாயிறு, இரவு 10:30

உறுத்தத்தான் செய்யும். என் காலத்தில் தள்ளியவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு, கோடை வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர்களும் உண்டு. காலியாக நிற்கும் நாற்காலியால் அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. ஏறுங்கள். ஏறுவதற்கு முன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், இறங்கும்போது மேலே கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்.

---

பால்கனிச்செடி | ஐந்து வாரம் கழித்து, திங்கள், இரவு 10:10

போய் வந்துவிட்டோம். நன்றி சொல்லாமல் இழையை விட மனமில்லை.

காலை 9 மணிக்கே பலகைமேல் நின்றோம். மகன் குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தான். மீன்முள் மாதிரிச் சாய்வாக அடுக்கியிருக்கிறார்கள், சைக்கிள் போனால் டகடகவென்று சத்தம். பாட்டியிடம் இரண்டு டாலர் வாங்கி "வாடகை" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அம்மா நாற்காலியில் ஏறினார்கள். தள்ளிய பையன் உஸ்பெகிஸ்தான் மாணவன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பாதி வழியில் அம்மாவின் முறுக்கு அவன் கையில் இருந்தது. கடலைப் பார்த்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம், "திருச்செந்தூர்ல அலை இப்படித்தான் ஒலிக்கும், ஆனா காத்து இவ்வளவு குளிராது" என்றார்கள். ஃபனல் கேக் வாங்கினோம். மாவை ஜாங்கிரி மாதிரிப் பிழிந்து பொரித்து மேலே சர்க்கரைப் பொடி. "பாகுல போட மறந்துட்டான்" என்பது அம்மாவின் தீர்ப்பு.

அப்பா காசினோவுக்குள் போக வேண்டியதாகிவிட்டது. கழிவறைக்கு! மகனை அழைத்துக்கொண்டு போனார். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் நடைபாதைக் கம்பளத்தைவிட்டு இறங்கக்கூடாது என்று காவலர் சொல்ல, இருவரும் அந்தக் கோட்டிலேயே நடந்து, தேடித் திரும்ப இருபது நிமிடம் ஆனது. வெளியே வந்து அப்பா சொன்ன முதல் வார்த்தை: "அங்க உக்காந்திருக்கிறவங்க முகத்துல ஒருத்தர் முகத்துலகூட சந்தோஷம் இல்லையே."

ஆனைக்கட்டி சொன்ன தெருக்களையும் பார்த்தோம், மறைக்கவில்லை. மெடிட்டரேனியன் அவென்யூவில் காரை மெதுவாக ஓட்டச் சொன்னான் மகன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், "60 டாலர்தான், ஆனா இங்க ஆளுங்க இருக்காங்களே" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கலங்கரை விளக்கப் படியில் 150 வரை எண்ணினேன், அப்புறம் மூச்சுதான் எண்ணியது.

---

ஆனைக்கட்டி | திங்கள், இரவு 10:40

அடுத்த கோடையில் நாங்களும் போகிறோம். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. யானை என்ன ஆச்சு?

---

பால்கனிச்செடி | திங்கள், இரவு 10:55

அதை எழுத மறந்தேனே! அப்பா அம்பாரி வரை ஏறிவிட்டார். இறங்கி வந்து வழிகாட்டிப் பெண்ணை நிறுத்தி, "பேரு லூசிங்கிறீங்க, பொம்பளப் பேரு. பெண் யானைக்கு எப்படித் தந்தம்?" என்று என்னை மொழிபெயர்த்துக் கேட்கச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஆப்பிரிக்கப் பெண் யானைகளுக்குத் தந்தம் உண்டு என்றார். அப்பா விடவில்லை. "ஆப்பிரிக்க யானைமேல யாரு அம்பாரி கட்டினா?"

வண்டியில் ஏறி எடிசன் வரும்வரை அதே பேச்சுதான்.